பெயர் போன பூக்கள்

ஏப்ரல் 28, செவ்வாய்

விடியவே வெக்கை. என் மனுசன் யோகன் ஆறு மணிக்கே வவுணதீவு வயலுக்குப் போய்விட்டார். சிறுபோக நெல் விதைக்கும் காலம். வயல் வட்டைக்கு இன்று வாய்க்கால் தண்ணீர் வருமாம். அவருக்குச் சோறு கட்டிக் கொடுக்க மறந்துபோனேன். போன் எடுத்துச் சொன்னால், "பரவாயில்ல, பக்கத்து வயல்ல தருவாங்க" என்கிறார்.

இன்றைய வேலை:
சாந்தி ரீச்சரின் லப்டொப் – கீபோர்ட் மாற்றியாயிற்று.
கோயில் பிரின்டர் – மை முடிந்திருந்தது, வேறு ஒரு பிழையும் இல்லை.
காத்தான்குடி, ரைஹானா ராத்தா – பழைய கொம்பியூட்டர், "கரகரக்குது".

மூன்றாவதிலேயே நாள் போயிற்று.

ரை. ராத்தாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். முன் கூடத்தில் கட்டில் அளவுக்கு ஒரு எம்பிராய்டரி மெசின். அபாயாக்களின் கைக்கும் கழுத்துக்கும் பூ வேலை செய்கிறார். மெசினை ஓட்டுவது பக்கத்தில் நிற்கும் கொம்பியூட்டர். நான் ஓ.எல். பரீட்சை எழுதிய காலத்துச் சாமான், மஞ்சளாகிப்போன பெட்டி. மெசினிலிருந்து வரும் கேபிள் அதற்குள் ஒரு தனிப் பலகையில் ஏறுகிறது. அந்தப் பலகை இந்தக் காலத்துக் கொம்பியூட்டர் எதிலும் பொருந்தாது. ஆகவே புதிது வாங்குங்கள் என்று சொல்ல வழியில்லை. புது மெசின் என்றால் வீடு கட்டுகிற விலை.

பெட்டியின் நெற்றியில் ஒரு துண்டுக் கடதாசி, அதில் மூன்று இலக்கங்கள். உள்ளே இருக்கும் பற்றரி செத்துப்போனதால் அந்த இலக்கங்களைத் தினமும் அடித்தால்தான் தன்னிடம் ஒரு டிஸ்க் இருப்பது அதற்கு நினைவு வரும். பதினொரு வருடமாக அடிக்கிறாராம்.

"சுபஹு தொழுதிட்டு வந்து இதத்தான் முதல்ல அடிப்பன். ஒரு நாளும் பிழைக்கல்ல."

டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டேன். சுழன்று வருகிறது, நடுவில் ஒரு விக்கல், பிறகு கரகர. அதிக நாள் தாங்காது. ஒரு மாதம். ஒரு கிழமையாகவும் இருக்கலாம்.

"இதுக்குள்ள எத்தின டிசைன் இருக்கு ராத்தா?"

"எண்ணிப் பாக்கல்ல கா. பதினேழு வரிசத்துட வேலை இரிக்கி."

"வேற எங்கயும் கொப்பி?"

"பிளொப்பியில இரிந்திச்சி. எல்லாம் பூஞ்சணம் புடிச்சிட்டு."

எல்லாம் அவரே வரைந்தவை. முதலில் கேட்டு வந்த பெண்ணின் பெயரையே டிசைனுக்கு வைத்துவிடுவாராம். ஜெசீமா, மசூதா, மசூதா இரண்டு. எட்டு எழுத்துக்கு மேல் அந்தக் கொம்பியூட்டர் ஏற்காது. நீளமான பெயர்க்காரிகளுக்கு வால் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம். ஓடர்கள் சுவரில் குத்தித் தொங்குகின்றன.

கெமராவுக்குப் போடும் பழைய கார்ட் ஒன்றை டிஸ்க் இருக்கும் இடத்தில் வைக்கலாம், அந்தக் காலத்து டிஸ்க் பேசிய அதே பாஷையை அதுவும் பேசும், நடுவில் ஒரு சின்னப் பலகை போதும் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

"கெமராக் கார்டா? என்ட மெசினுக்கா?"

"ஓம் ராத்தா. சுத்துற ஒண்டும் இல்ல, தேயிற ஒண்டும் இல்ல. உங்கட ஒரு கோன் நூல்ட விலைதான் வரும்."

"மறுகா ஏன் இவ்வளவு நாளா ஒருத்தரும் சொல்லல்ல?"



ஏப்ரல் 29, புதன்

காற்று இல்லை. ஃபேன் சூட்டைத்தான் சுற்றுகிறது.

புளியந்தீவில் பழைய ஸ்டூடியோ. முதலாளி மேசை லாச்சியைக் கவிழ்த்துக் காட்டினார். பழைய கெமராக்களில் கழற்றிய கார்ட்கள், தீப்பெட்டி அளவில், ஏழு. கல்யாண வீட்டுப் படங்கள் எடுத்துத் தேய்ந்தவை. இப்போது யாருக்கும் வேண்டாம். பெரியதைத் தர வந்தார், 512 மெகாபைட் கார்ட் தாருங்கள் என்றேன். "சின்னதக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். பழைய பெட்டிக்குப் பெரிய டிஸ்க்கை அளக்கத் தெரியாது. இதற்கு மேல் போனால் குழம்பும்.

இரண்டு எடுத்தேன். ஒன்று கைக்காவலுக்கு.

வாங்கியவை:
கார்ட் 2
இடைப்பலகை 1 (கொழும்பிலிருந்து போன மாதமே தபாலில் வந்தது, கையில் இருந்தது)
பற்றரி 1, பற்றரிக் கூடு 1
கூனி இறால் கால் கிலோ

கூனி வறுத்தேன். யோ. இரண்டாம் முறை சோறு போட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம், நாளை விதைப்பு.

ஏப்ரல் 30, வியாழன்

இதை எழுத வேண்டியிருக்கிறது.

காலை பத்து மணிக்கு ரை. ராத்தா வீட்டில் டிஸ்க்கைக் கழற்றினேன். துவாயில் சுற்றி மடியில் வைத்து ஓட்டோவில் கொண்டுவந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு வேலை தொடங்கினேன்.

பழைய டிஸ்க், புதுக் கார்ட், இரண்டையும் என் கொம்பியூட்டரில் கொழுவினேன். அது டிஸ்க்குக்கு பி என்றும் கார்டுக்கு சி என்றும் எழுத்துக் கொடுத்தது. கடதாசியில் எழுதிவைத்தேன். பி-யிலிருந்து சி-க்கு. சரி.

அந்த நேரம் வாசலில் மீன்காரர். எழும்பும்போது கால் வயரில் தடக்கி இரண்டும் கழன்றன. திரும்பக் குத்தினேன். கடதாசியில் இருந்தபடியே கட்டளையை அடித்தேன். எழுத்து மாறியிருந்தது. கழற்றிக் குத்தினால் மாறலாம் என்பது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகத் தெரியும். அளவைப் பார்த்தாவது கண்டிருக்கலாம், ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

வெறும் கார்ட் பழைய டிஸ்க்கின் மேல் எழுதத் தொடங்கிற்று.

நாற்பது விநாடி இருக்கும். டிஸ்க்கின் சத்தத்தில்தான் பிடித்தேன். விக்கலே இல்லாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கும்போது விக்கும் டிஸ்க் ஏன் இப்படி ஓடுகிறது என்று நினைத்தேன், நினைத்த பிறகுதான் கை வயருக்குப் போயிற்று.

பிடுங்கினேன்.  

மீன்காரரிடம் ஒன்றும் வாங்கவில்லை.

மே 1, வெள்ளி

லீவு. ஊர் அமைதி.

பார்த்தேன். டிஸ்க்கின் தலைப்பக்கம் வெறுமை. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை இல்லை. மெசினை ஓட்டும் புரோகிராம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, அதுவும் இல்லை. பின்பக்கம் அப்படியே கிடக்கிறது, ஆனால் பெயர் இல்லாமல். ஒரு பெரிய புத்தகத்தின் அட்டையையும் பொருளடக்கத்தையும் முதல் அத்தியாயத்தையும் கிழித்தது போல.

எல்லோருக்கும் நான் சொல்வது: தொட முதல் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். நேற்று என் லப்டொப்பில் இடம் இல்லை, அதைத் துப்புரவாக்க அரை மணித்தியாலம் வேண்டும். அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடித்தேன்.

பத்தரைக்கு ரை. ராத்தா போன்.

"எப்பிடிக் கா, ஏறிட்டா?"

"நல்லாப் போகுது ராத்தா. இன்னும் ரெண்டு நாள்."

வாய் தானாகச் சொல்லிற்று. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோ. சாப்பிடும்போது கேட்டார், "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" சொன்னேன். கையில் சோறு அப்படியே நின்றது.

"அவக்குச் சொல்லிட்டாயா?"

"இல்ல. முதல்ல எவ்வளவு மீளுது எண்டு பாத்திட்டுச் சொல்லுவம் எண்டு."

"மீண்டா ஒரு கதை, மீளாட்டி ஒரு கதையா? நாளைக்குப் போய்ச் சொல்லு. நான் கொண்டு விடுறன்."

விதைப்பு முடிந்த களைப்பு அவர் கண்ணில். ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார்.

மே 2, சனி

யோ. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்த் தெரு முனையில் இறக்கினார். உள்ளே வரவில்லை. "நான் வந்தா அவ உன்ன ஏசமாட்டா. ஏசட்டும்."

ரை. ராத்தா நூல் கோன்களை நிற வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். வயர் தடக்கியது, எழுத்து மாறியது, பார்க்காமல் அடித்தது, நாற்பது விநாடி. மீன்காரரைச் சொல்லவில்லை. அவர் மேல் சாட்டுவது போல இருக்கும்.

"எல்லாம் போயிட்டா?"

"எல்லாம் இல்ல. முன்னுக்கு இருந்தது போயிட்டு. மெசின்ட புரோகிராமும் போயிட்டு. பின்னுக்கு உள்ளதுகள எடுக்கலாம், ஆனா பேர் இருக்காது."

அவர் எழும்பி மெசின் மேல் கிடந்த துணியை இழுத்து முழுதாக மூடினார். மடிப்புகளைத் தட்டிச் சரிசெய்தார்.

"கை தவறினத்துக்கு நான் என்ன சொல்ற. எனக்கும் ஊசி முறிஞ்சி துணி போயிரிக்கி." ஒரு கோனைத் தூக்கி மற்ற வரிசையில் வைத்தார். "நேத்து போன்ல நல்லாப் போகுது எண்டு சொன்னாயே தங்கச்சி. அதுதான்."

மெசின் துணியின் ஓரத்தை இன்னொரு முறை இழுத்துவிட்டார்.

"இப்ப போ. நான் யோசிக்கணும்."

தேத்தண்ணி வைக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முனைவரை நடந்தேன். யோ. மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார்.

மே 3, ஞாயிறு

டிஸ்க்கை, இந்த முறை அது ஒன்றை மட்டும் கொழுவி, லப்டொப்பில் கொப்பி எடுத்தேன். காலை ஏழு முதல் பின்னேரம் நாலு மணிவரை. விக்கும் இடங்களில் நின்று நின்று. நடுவில் கரண்ட் பத்து நிமிடம் நின்றது. கடவுளே என்று இருந்தேன், லப்டொப் பற்றரி தாங்கிற்று.

டிசைன் கோப்புகள் எல்லாம் ஒரே ஐந்து எழுத்தில் தொடங்குகின்றன. அந்த ஐந்து எழுத்து எங்கெங்கே வருகிறது என்று தேடச் சொல்லி ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒன்று, இரண்டு என்று வெளியே வந்தன. 412.

அவற்றின் பெயர்: 001, 002, 003.

அபாயாவில் எப்படித் தெரியும் என்று பார்க்க வழி இல்லை. அதற்கு அந்தப் புரோகிராம் வேண்டும். இணையத்தில் தேடினேன். கொம்பனி மூடி இருபது வருடமாம். ஒரு மன்றத்தில் யாரோ இதே புரோகிராமைக் கேட்டு எழுதியிருக்கிறார், கீழே பதில் ஒன்றும் இல்லை.

ரை. ராத்தா போனில் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

துவைத்த உடுப்புகளை மடித்தேன். யோ.வின் சாரத்தில் சேற்றுக் கறை போகவில்லை.

மே 4, திங்கள்

ஒன்பது மணிக்கு கேற்றில் ஓட்டோ. ரை. ராத்தா. என் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறார். முன் அறையில் கழற்றிக் கிடந்த கொம்பியூட்டர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் ஆக்கள்ட சாமானா?"

"ஓம் ராத்தா."

"கவனம்."

பிறகு இருந்தார். பிளேன்ரீ குடித்தார். விசயத்தைச் சொன்னார்.

இதே மெசின் இன்னொன்று இருக்கிறது. ஏறாவூரில், ஹசீனா என்று அவர் மாமியின் மகள், அவரைவிட மூன்று வயது மூப்பு. மூடப்பட்ட ஒரு கார்மென்ட்ஸில் இரண்டு மெசினையும் இருவரும் சேர்ந்துதான் எடுத்தார்கள். ஐந்து வருடம் காத்தான்குடி வீட்டிலேயே இரண்டும் ஓடின. ஹசீனா ராத்தா தினமும் பஸ்ஸில் வந்து போவார். பிறகு தன் மெசினைக் கொண்டுபோய்விட்டார். கொஞ்ச நாளில் ஏறாவூர்க் கடைகளில் ரை. ராத்தாவின் பூக்கள் தொங்கின. போய்ச் சண்டை. அன்றோடு பேச்சு இல்லை. பன்னிரண்டு வருடம்.

"அவட கொம்பியூட்டர்ல அந்தப் புரோகிராம் இரிக்கும்" என்றார். கோப்பையின் அடியில் கிடந்த சீனியைக் கரண்டியால் கிளறினார். "ஆரும் செத்து மௌத்து வீட்டுக்குப் போனாலும் எதிர் எதிராத்தான் இருப்பம்."

"நான் தனியப் போய்க் கேக்கட்டா ராத்தா?"

"நீ கேட்டா அவ ஆருக்கு எண்டு கேப்பா. என்ட பேரச் சொன்னா கதவச் சாத்துவா. நானே வாறன்."

என் பிழைக்கு அவர் படியேற வேண்டியிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

மே 5, செவ்வாய்

மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. மண் கண்ணுக்குள்.

பஸ்ஸில் ஏறாவூர். ரை. ராத்தா ஜன்னல் பக்கம். வழியெல்லாம் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஹசீனா ராத்தா கதவைத் திறந்தார். ரை. ராத்தா ஸலாம் சொன்னார். பதில் ஸலாம். 

"பன்னெண்டு வரிசத்துக்குப் பிறகும் பாதை மறக்கல்லயே" என்றார் ஹசீனா ராத்தா.

"மறக்கிறத்துக்கு ஏறாவூர் என்ன கொழும்பா?"

உள்ளே விட்டார். இரண்டு கதிரைகளும் கூடத்தின் இரண்டு மூலையில். நடுவில் நான். என் பிழையை இரண்டாம் முறையும் சொன்னேன். இந்த முறை கொஞ்சம் சுலபம், அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஹசீனா ராத்தா கேட்டுவிட்டு, "என்ட டிஸ்கும்தான் ஒரு மாசமா முனகுது. எனக்கும் அந்தக் கார்டப் போட்டுத் தந்தா எடுத்திட்டுப் போ. ஆனா முதல்ல கொப்பி. எனக்கு முன்னால" என்றார்.

"கட்டாயம் ராத்தா."

"உனக்குச் சொல்லணுமா? இப்ப உனக்குத் தெரியும்."

அவர் டிஸ்க்கைக் கழற்றினேன். வேறு எதையும் கொழுவவில்லை. வாசிக்க மட்டும் விடும், எழுத விடாத கட்டளை. வயர் கிடந்த பக்கம் யாரும் நடக்காமல் கதிரையைப் போட்டு மறித்தேன். கட்டளையை அடித்துவிட்டு மூன்று முறை வாசித்தேன், பிறகு சத்தமாக ஒருமுறை. ஹசீனா ராத்தா பக்கத்தில் ஸ்டூலில் குந்தித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணித்தியாலம். சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழும்பினார். சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்தார். ரை. ராத்தாவுக்கும் ஒரு பீங்கான் சோறு, அவர் மூலைக்கு.

கொப்பி முடிந்து உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தேன். புரோகிராம் இருந்தது. பக்கத்தில் கோப்புகள் போட்ட ஒரு தனி உறை. அதன் பெயர் ரைஹானா. உள்ளே 63 கோப்பு. ஜெசீமா, மசூதா, மசூதா2, நூர்ஜஹா.

டிஸ்க் தலையிலிருந்துதான் நிறையும். ஆக ரை. ராத்தாவின் டிஸ்க்கில் நான் அழித்த இடத்தில் இருந்தவை பெரும்பாலும் அவர் ஆரம்பத்தில் வரைந்தவை. இந்த அறுபத்து மூன்றும் அந்தக் காலத்தவை.

 ரை. ராத்தா எப்போதோ எழும்பி வந்து என் பின்னால் நின்றிருக்கிறார். வாசித்துவிட்டார்.

ஹசீனா ராத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் எடுத்ததுதான். இல்லயெண்டு ஒரு நாளும் சொல்லல்ல. நீயும் கேக்கல்ல, வந்ததும் சண்டதான் புடிச்ச."

"பேரையும் மாத்தாம வெச்சிருக்காய்."

"உன்ட பூவுக்கு நான் என்ன பேர் வைக்கிற?"

 போகும்போது ஸலாம் மட்டும்.

பஸ் கல்லடிப் பாலம் ஏறும்போது ரை. ராத்தா சொன்னார், "அறுபத்து மூணு. நான் அம்பது எண்டுதான் நெனச்சிருந்தன்."

மே 6, புதன்

காலை காத்தான்குடி. கொண்டுபோனவை: கார்ட், இடைப்பலகை, பற்றரி, பற்றரிக் கூடு, ஈயம், யோ. கட்டித் தந்த இடியப்பம்.

பழைய பற்றரியை வெட்டி எடுத்தேன். கசிந்து பச்சை பிடித்திருந்தது. பல் தூரிகையால் துடைத்துக் கூட்டை ஈயத்தால் பற்றவைத்தேன். கார்டை இடைப்பலகையில் ஏற்றி டிஸ்க் இருந்த இடத்தில் பூட்டினேன். அந்த இடத்தில் அது மிகவும் சின்னதாக இருந்தது. ரை. ராத்தா எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

சுவிட்சைப் போட்டோம். கரகர இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. ஓடவில்லை என்று நினைத்து அவர் முகம் மாறிற்று. திரையில் எழுத்து வந்தது. முன்பு மூன்று நிமிடம் எடுக்குமாம், இப்போது இருபது விநாடி.

பிறகு புரோகிராம் ஒரு இலக்கம் கேட்டது. மெசினின் இலக்கம். இது ஹசீனா ராத்தா வீட்டுக் கொப்பி, அவருடைய இலக்கத்தைத்தான் ஏற்குமோ என்று பயம். மெசினின் காலில் ஒரு தகடு, மேலே பெயின்ட் பூசியிருந்தது. ரை. ராத்தா நிலத்தில் குந்தி ஐந்து ரூபாய்க் குற்றிக் காசால் சுரண்டினார். ஒவ்வொரு இலக்கமாக அவர் வாசிக்க நான் அடித்தேன். கடைசி மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று போட்டேன், மறுத்தது. எட்டு. திறந்தது.

வெள்ளைத் துணியில் ஒரு சின்னப் பூ ஓடவிட்டார். ஊசி இறங்கி ஏறிற்று. நாங்கள் இருவரும் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தோம். ஆறு இதழ், ஒரு காம்பு. நூல் அறவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மெதுவாக. பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டார்.

மே 9, சனி

பெயர் வைக்கும் வேலை. மூன்றாம் நாள்.

நான் 001-ஐத் திறப்பேன். திரையில் கோடுகளாகப் பூ வரும். அவர் பார்ப்பார். பெயர் சொல்வார். நான் அடிப்பேன்.

"இது ஃபஸ்லியா. கையில மட்டும் போடச் சொன்னா. கழுத்துக்கு வேணாமாம், மாப்பிள்ளைக்குப் புடிக்காதாம்."

"இது உம்மு. அவட பேர் உம்மு என்னமோ, உம்மு மட்டும்தான் ஞாபகம்."

"இது... பொறு. இலை வலப்பக்கம் சாயிது. இது சுனாமி வீட்டுத் திட்டத்தில இருந்து வந்த பிள்ள. ரிஸ்மியா."

அருகில் இருந்து கேட்டால் ஊரே வந்து போகிறது. யார் மகள் படித்து ஆசிரியை ஆனாள், யார் கத்தாரில், யார் பிள்ளைப்பேற்றில் போனாள். சிலதுக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வார். நான் கேட்கவில்லை.

இன்றுவரை 287. அறுந்தவை 31, பாதிப் பூ வந்து பிறகு கோடு கோடாகத் திரை முழுக்கச் சிதறும். அவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

இடையில் அவர் ஓடர்களும் ஓடுகின்றன. மெசின் ஓடும்போது நான் பெயர் அடிப்பதை நிறுத்த வேண்டும், ஒரே கொம்பியூட்டர். ஆகவே நானும் நூல் அறுத்துக் கொடுக்கிறேன். மோசமாக அறுக்கிறேனாம்.

வீட்டில் மூன்று லப்டொப் காத்துக் கிடக்கிறது. சாந்தி ரீச்சர் போன், தன் லப்டொப்பை எப்போது கொண்டுவந்து தருவேன் என்று.

மே 11, திங்கள்

முடிந்தது. 412 + 63. இரண்டிலும் உள்ளவற்றைக் கழித்தாயிற்று. அறுந்தவற்றை அவரே மெல்ல மெல்லத் திருத்துவாராம்.

இல்லாதவற்றை ரை. ராத்தா நினைவிலிருந்து சொல்ல எழுதினேன். ஒன்பது. ஹசீனா ராத்தா போன பிறகு வரைந்தவை, ஆனால் டிஸ்க்கின் தலைப்பக்கத்தில் விழுந்தவை. அதில் ஒன்று அவர் மகளின் நிக்காஹுக்கு வரைந்தது.

மன்னிப்புக் கேட்டேன். முதல் நாள் கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"இப்பதான் கேக்கிறாய்" என்றார். அவருக்கு நினைவு இருந்தது.

பிறகு அலுமாரியிலிருந்து அந்த நிக்காஹு அபாயாவை எடுத்துவந்தார். மகள் மாலைதீவில், இதை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு பூவின் தையலை எண்ணத் தொடங்கினார்.

"துணியில கிடக்கே. துணியில இருந்து திரும்ப எடுக்கலாம். மற்ற எட்டும் எனக்கு வேணாம். இது ஒண்டு மட்டும்."

நான் கொப்பியில் எண்ணைக் குறித்தேன். ஒரு இதழுக்கு இருபத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது. பொழுதுபட்டுப் பள்ளியில் மஃரிபு பாங்கு சொல்லும்வரை.

மே 13, புதன்

முழுக் கார்டையும் இரண்டாவது கார்டுக்குக் கொப்பி எடுத்து, கடித உறையில் போட்டு, திகதி எழுதி ரை. ராத்தாவிடம் கொடுத்தேன். குர்ஆன் வைத்திருக்கும் தட்டுக்குக் கீழே வைத்தார். லப்டொப்பிலும் ஒன்று இருக்கிறது.

வயலில் முளை வந்துவிட்டதாம். யோ. போட்டோ அனுப்பினார். பச்சை தெரியவில்லை, சேறுதான் தெரிகிறது. அழகாக இருக்கிறது என்று எழுதினேன்.

ஸ்டூடியோவில் இன்னும் இரண்டு கார்ட் எடுத்தேன், இடைப்பலகை ஒன்றும் தபாலில் வந்துவிட்டது. ஏறாவூருக்கு.

மே 15, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ரை. ராத்தா வரச் சொன்னார். நிக்காஹு டிசைன் முடிந்துவிட்டது, அதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அதுவும்தான். பிறகு இன்னொன்றைத் திறந்தார். புதியது. நான் பார்த்திராதது. நீண்ட கொடி, இலைகள் நெருக்கமாக, கையின் விளிம்பு முழுக்க ஓடும்.

"நாளைக்கு ஏறாவூர் போறாய்தானே. இத அவட கார்ட்ல போட்டு விடு."

"அந்த உறைக்குள்ளயா ராத்தா?"

"எங்கயும் போடு." மெசின் மேல் தூசியைக் கையால் வழித்தார். "இத அவ எடுக்கல்ல. இது நான் குடுத்தது எண்டு சொல்லு."

"பேர் வைக்கல்லயே."

"இன்னும் ஒருத்தியும் கேட்டு வரல்ல."

மே 16, சனி

ஏறாவூர். காற்று பலம், ஹசீனா ராத்தா வீட்டு முற்றத்தில் காய்ந்த துணியெல்லாம் வேலியில்.

கார்ட் போடும் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. இரண்டாவது முறை என்பதால் கை தானாகப் போயிற்று. தானாகப் போவதைக் கண்டு நிறுத்தி, ஒவ்வொரு வயரையும் திரும்பப் பார்த்தேன்.

சுவிட்ச். சத்தமில்லை. இருபது விநாடி. ஹசீனா ராத்தா, "உசிர் இரிக்கா இதுக்கு?" என்று கேட்டார். இருந்தது.

பிறகு அந்தக் கொடியைத் திறந்து காட்டினேன். ரை. ராத்தா சொன்னதை, அவர் சொன்ன அதே வார்த்தையில் சொன்னேன்.

ஹசீனா ராத்தா கண்ணாடியை எடுத்துப் போட்டார். திரைக்குக் கிட்டக் குனிந்தார். கொடியின் அடியிலிருந்து நுனிவரை விரலைக் கொண்டுபோனார். நெடுநேரம். நான் ஸ்குறூக்களை ஒரு மூடியில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்த இலையில தையல் நெருக்கம் கூட" என்றார். "இப்பிடி ஓட்டினா நூல் அறும். அவளுக்கு எப்பவும் இதுதான். நெருக்கிப் போட்டாத்தான் வடிவு எண்டு நெனப்பா."

"நான் சொல்லிவிடுறன் ராத்தா."

"உனக்கு விளங்காது. நீ சொன்னா பிழையாச் சொல்லுவாய்."

போனை எடுத்தார். ரை. ராத்தாவின் இலக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். கேட்கவில்லை. தானே அழுத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடி குசினிக்குள் போனார்.

நான் பெட்டியை மூடினேன். உள்ளே இருந்து குரல் வந்தது: "ஓம், நான்தான். இல்ல கா, மௌத்து ஒண்டும் இல்ல. ஒரு இலையப் பத்திக் கதைக்கணும்."